சத்தமில்லாமல் சொன்ன இரண்டாம் வார்த்தை

எனக்கு மேடை ஏறிப் பழக்கமில்லை. பத்தாவது முடித்த கையோடு சோமனூரில் தறிக் குடோன் வேலைக்கு வந்தவள் நான். முப்பது வருஷமாக விசைத்தறிகளுக்கு நடுவில் உட்கார்ந்து தார் சுற்றுகிறேன். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூல் குச்சிக்குத்தான் தார் என்று பெயர். தறிகள் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் எங்கள் குடோனில் யாரும் கத்துவதில்லை. சத்தம் எழுப்பாமல் உதட்டை மட்டும் நிதானமாக அசைத்துப் பேசுவோம். எதிர் வரிசையில் இருப்பவர் அதைப் பார்த்துப் புரிந்துகொள்வார். மாமியார் சண்டை, மகளுக்கு வந்த வரன், குழம்புக்கு உப்புக் கூடிப்போனது எல்லாம் இப்படித்தான் ஒரு தறியிலிருந்து இன்னொரு தறிக்குப் போகும். நாலு பேர் எதிரில் வாய் திறந்தாலே வியர்த்துப்போகும் எனக்கு இதைவிடத் தோதான இடம் வேறு கிடைத்திருக்காது.

அப்படிப்பட்ட நான், போன வருஷம் பெரிய வெள்ளிக்கிழமையன்று எங்கள் சபையின் பிரசங்க பீடத்தில் ஏறி, தூக்குத் தண்டனையைப் பற்றிப் பேசினேன். பேசி ஜெயித்தேன். இதை எழுதும்போதே வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

அன்று மதியம் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை ஆராதனை. சிலுவையில் தொங்கியபோது இயேசு பேசிய ஏழு வாக்கியங்களை நாங்கள் ஏழு வார்த்தைகள் என்போம். முதலாவதையும் கடைசியையும் ஐயர் பேசுவார். எங்கள் சபைகளில் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம். நடுவில் இருக்கும் ஐந்தும் சபையாருக்கு. யாருக்கு எது என்பதைக் காணிக்கைப் பைக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். தாகத்தைப் பற்றிய ஐந்தாம் வார்த்தை வந்தால் கொடுத்துவைத்தவர்கள். சோமனூரில் ஏப்ரல் மாதம் தாகத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் கால் மணி நேரம் பேசலாம்.

பெண்கள் ஐக்கியத்துக்கு அந்த வருஷம் இரண்டாம் வார்த்தை வந்தது. சீட்டைப் பிரித்த எங்கள் ஐக்கியச் செயலாளர் முகம் சுருங்கிவிட்டது. அவள் என் குடோன்காரி. எனக்கு எதிர்த் தறியில் நிற்பவள். ஊரில் யாருக்கும் பயப்படாத வாய் அவளுக்கு. அவளே அந்தச் சீட்டை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் வார்த்தை பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு இயேசு சொன்னது. இன்றைக்கே என்னோடு பரதீசில் இருப்பாய் என்று. பரதீசு என்றால் சொர்க்கம். மரண தண்டனை பெற்ற ஒரு குற்றவாளிக்குக் கொடுத்த வாக்கு. மற்ற வருஷமாக இருந்தால் மனந்திரும்புதலைப் பற்றி நாலு வசனம் சொல்லி முடித்திருப்பார்கள். அந்த வருஷம் முடியாது. ஏனென்றால் எங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்று, எங்கள் பாடகர் குழுவில் பாடிய ஒருவன் அப்போது தூக்குத் தண்டனை பெற்றுக் கோயமுத்தூர் ஜெயிலில் இருந்தான்.

நடந்ததை மறைக்க ஒன்றுமில்லை. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு தோட்டத்து வீட்டில் திருடப் போனான். வீட்டில் வயதான கணவனும் மனைவியும் மட்டும் இருந்தார்கள். இரண்டு பேரும் உயிரோடு விடியலைப் பார்க்கவில்லை. கூடப் போனவர்கள் கடைசி வரை மறுத்தார்கள். இவன் கோர்ட்டில், நான்தான் செய்தேன் என்று சொல்லிவிட்டான். அவர்களுக்கு ஆயுள். இவனுக்குத் தூக்கு.

அவனுடைய அம்மாவும் எங்கள் குடோனில்தான் இருந்தார். நாங்கள் அக்கா என்போம். தறிச் சத்தத்திலேயே காது போய்விட்டது அவருக்கு. பேசுகிறவர் உதட்டைப் பார்த்தால் ஒரு சொல் விடாமல் புரிந்துகொள்வார். திரும்பி நின்று பேசினால் ஒன்றும் தெரியாது. கோயிலில் ஐயர் முகம் நன்றாகத் தெரியும் ஜன்னலோரத் தூண் பக்கம்தான் எப்போதும் உட்காருவார். தீர்ப்பு வந்த வாரத்திலிருந்து உள்ளே வருவதில்லை. பெண்கள் பக்கத்து வாசலுக்கு வெளியே ஒரு புங்க மரம் உண்டு. அதன் கீழே பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திருவிருந்துக்குக்கூட எழுந்து வரமாட்டார். யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை.

அவர் பையில் பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு கடிதம் எப்போதும் இருக்கும். தண்டனையை ஹைகோர்ட் உறுதி செய்யவேண்டும், அதற்கு முன்னால் அவனைச் சிறு வயதிலிருந்து தெரிந்தவர்கள் அவன் எப்படி வளர்ந்தான், எப்படி இருந்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் நீதிபதிகள் பார்ப்பார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். வக்கீலே எழுதிக் கொடுத்த கடிதம் அது. அவன் செய்ததை அதில் குறைத்துச் சொல்லவில்லை. உயிரை மட்டும் எடுக்கவேண்டாம் என்று கடைசியில் ஒரு வரி. ஈஸ்டர் கழிந்த மறு வாரம் வக்கீல் கையில் கொடுத்தாக வேண்டும். சபைக் கமிட்டி ஜனவரியிலேயே முடியாது என்று சொல்லிவிட்டது. கடிதத்தின் அடியில் கையெழுத்துக்கு விட்ட இடம் அப்படியே வெள்ளையாக இருந்தது.

அந்த வெள்ளை இடத்தில் என் கையெழுத்தும் இல்லை. அக்கா என்னிடம் நீட்டியபோது, "ஊட்ல கேட்டுப்போட்டுச் சொல்றேனுங்க்கா" என்று உதட்டால் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டில் நான் யாரையும் கேட்கவில்லை.

எல்லோருக்கும் ஒரே பயம்தான். எங்கள் அப்பா அம்மாவெல்லாம் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். நாங்கள்தான் தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் வந்தோம். குடோன் முதலாளி நிலபுலன் உள்ள தோட்டக்காரர். வீட்டு ஓனர் தோட்டக்காரர். செத்துப்போன இரண்டு பேரும் அவர்களில் யாருக்கோ ஏதோ ஒரு முறையில் சொந்தம். கையெழுத்துப் போட்டால் கொலைகாரன் பக்கம் நிற்கிறார்கள் என்று எங்கள் மொத்தச் சனத்தையும் சொல்லிவிடுவார்கள். இந்தப் பயத்தை யாரும் பயம் என்று சொல்லவில்லை. வசனம் என்று சொன்னார்கள்.

சீட்டு எடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து பெண்கள் வட்டமாக நின்றோம்.

"எனக்குத் தொண்டை கட்டிப்போச்சுங்க" என்றார் ஒருவர்.

"உங்களுக்கு வருஷம் பூராத் தொண்டை கட்டு. அறுப்புப் பண்டிகை ஏலத்துல கோழி கேக்கறப்ப மட்டும் எப்படித் தொறக்குது?" என்றாள் செயலாளர்.

"அப்ப நீயே பேசேன் புள்ள."

"நான் பேசுனா வாய்க்கு வந்ததைப் பேசிப்போடுவேன். அப்பறம் அக்கா ஒரு பக்கம் அழுகும், சபை செகரட்டரி ஒரு பக்கம் குதிப்பாரு." அவள் சுற்றிப் பார்த்தாள். பார்வை என்மேல் நின்றது. "அம்மணி, நீ பேசு."

நான் முடியாது என்று தலையை ஆட்டினேன்.

"இவதான் சரி. வாயே தொறக்காதவ பேசுனா வம்பே வராதுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என் பெயரை எழுதிக்கொண்டார்கள். மாட்டேன் என்று சொல்லவும் கொஞ்சம் குரல் வேண்டும். அது என்னிடம் இல்லை.

ஆறு வாரம் இருந்தது. பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வேதத்தைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். எங்கே கொலை வருகிறது, எங்கே கொலைக்குத் தண்டனை வருகிறது என்று பார்த்துக் குறித்தேன். எனக்கு வியாக்கியானம் ஒன்றும் தெரியாது. படித்ததைப் படித்தபடி எழுதினேன்.

உலகத்தின் முதல் கொலை அண்ணன் தம்பிக்குள் நடந்தது. கொன்ற காயீனுக்குத் தூக்கு இல்லை. தன்னை யாராவது கொன்றுவிடுவார்கள் என்று அவன் பயந்தபோது, யாரும் கொல்லாதபடி ஆண்டவரே அவன்மேல் ஓர் அடையாளம் போட்டார். நான் மண்டியிட்டு ஜெபம் செய்து வளர்ந்தவள். இந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த அடையாளம் கொலைகாரனைக் காட்டிக்கொடுக்கப் போட்டது என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். காப்பாற்றப் போட்டது என்று நாற்பத்தாறு வயதில் சமையல் கட்டில் உட்கார்ந்து படித்தபோதுதான் கண்ணில் பட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக் கவனிக்கவில்லை.

ஆனால் அடுத்த பக்கங்கள் என்னைச் சும்மா விடவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு, மனுஷ ரத்தம் சிந்துகிறவன் ரத்தம் மனுஷனாலேயே சிந்தப்படும் என்று வருகிறது. மோசேயின் சட்டத்தில் கொலைக்குச் சாவு. தகப்பனை அடித்தவனுக்குச் சாவு. ஓய்வுநாளில் விறகு பொறுக்கியவனைக்கூட ஊரே கல்லெறிந்து கொன்றது. ஒரு ஞாயிறு நோட்டை எடுத்துக்கொண்டு சபைச் செயலாளரிடம் போனேன். மில்லில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். கண்ணாடி போடாமலேயே அதிகாரம், வசனம் சொல்வார். கமிட்டியில் அந்தக் கடிதத்தை வேண்டாம் என்று முதலில் சொன்னவர் அவர்தான். செத்துப்போன தோட்டக்காரப் பெரியவரிடம் சின்ன வயதில் இளநீர் வாங்கிக் குடித்தவர் என்பதும் எனக்குத் தெரியும்.

"ரோமர் பதிமூணு படிச்சியா கண்ணு?" என்றார். "அதிகாரி பட்டயத்த, அந்த வாள, சும்மாப் புடிச்சிருக்கலைன்னு பவுல் எழுதியிருக்கறாரு. கோர்ட்டுக்குத் தண்டிக்கற அதிகாரம் ஆண்டவர் குடுத்தது. அதுல போயி நாம குறுக்க விழலாமா?"

"இல்லீங்க…" என்றேன்.

"அந்த ரெண்டு சீவனுக்கு யாரு கையெழுத்துப் போட்டாங்க? சொல்லு."

நோட்டை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியையும் நோட்டில் எழுதினேன். அதைத் தாண்டாமல் பேசக்கூடாது என்று முடிவு செய்தேன்.

விடை கிடைத்தது ஜெயிலைப் பற்றி அக்கா சொன்னபோதுதான். சிங்காநல்லூரில் பஸ் மாறி அக்கா மாதம் இரண்டு தடவை மகனைப் பார்க்கப் போவார். ஒரு நாள் நிறுத்தத்தில் பஸ்ஸுக்காக நின்றவரோடு நானும் நின்றேன். முகத்தைப் பார்த்து, சத்தமில்லாமல், எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். நான் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அக்கா சத்தமாகவே சொன்னார். தன் குரல் எவ்வளவு உயரம் என்று அவருக்குத் தெரியாது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அங்க கம்பி வலைக்கு இந்தப்பக்கம் நாப்பது பேரு, அந்தப்பக்கம் நாப்பது பேரு கண்ணு. எல்லாரும் ஒரே கத்து. யாரு பேசறதும் யாருக்கும் கேக்காது. நானும் என்ற பையனும் மட்டுந்தான் நிம்மதியாப் பேசுவோம். அவன் தொட்டில்ல கெடந்தப்பவே தறிப் பேச்சுக் கத்துக்கிட்டவனாச்சே."

"என்ன சொல்வான்?" என்று என் உதடு கேட்டது.

"செத்துப்போன அந்தத் தோட்டத்து அம்மா மொகம் தெனமும் வருதுங்கறான். தூக்குல போட்டா அதோட போயிரும், சுலுவுங்கறான். உசுரோட இருந்தா இதத் தூக்கிச் சொமக்கோணும்ங்கறான். எதுனாலும் சரிம்மா, நாஞ் செஞ்சதுதானேங்கறான்." அக்கா கவரைத் தடவினார். "எனக்குச் சரியில்லியே கண்ணு. நான் பெத்தவளாச்சே."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். செய்ததற்கு ஏற்றதைத்தான் அனுபவிக்கிறோம் என்று சிலுவையில் தொங்கிய கள்ளன் சொன்னதும் இதேதான். இயேசு அதை மறுக்கவில்லை. உன் தீர்ப்புத் தப்பு என்று சொல்லவில்லை. ஒன்றும் செய்யாதவரையும், செய்தவனையும் ஒரே சட்டம் ஒரே மலையில் ஒரே மாதிரி ஆணியடித்திருந்தது. வீட்டுக்குப் போய் நோட்டில் அன்றைக்கு எழுதியதுதான் கடைசிப் பக்கம். எழுதி முடித்து நோட்டை அரிசி டப்பாவுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன். ஏனென்றால் அதன்படி பேசினால், முடிவில் நானும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

பெரிய வெள்ளி வந்தது. கோயில் நிறைந்து வெளியேயும் நாற்காலி போட்டிருந்தார்கள். ஐயர் முதல் வார்த்தையைப் பேசி முடித்தார். பாட்டு ஒன்று பாடினார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சேலையில் பீடத்துக்கு ஏறினேன். நோட்டைத் திறந்தேன். எழுத்தெல்லாம் தண்ணீருக்குள் கிடப்பது போல ஆடியது. நோட்டை மூடிவிட்டேன்.

தலையை நிமிர்த்தினால் முன்னூறு முகம். பெண்கள் பக்கத்து வாசல் வழியாகப் புங்க மரத்தடியில் அக்கா தெரிந்தார். நேராக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. பேச ஆரம்பித்தேன்.

பேசினேன் என்றுதான் நான் நினைத்தேன். நாலைந்து வாக்கியம் ஆகியிருக்கும். சபையில் ஒரே சலசலப்பு. சபைச் செயலாளர் எழுந்து வந்து மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்றார். கோயிலே அதிர்ந்தது. மைக் நன்றாக இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. மைக்கில் என் மூச்சு மட்டும்தான் கேட்டிருக்கிறது. முப்பது வருஷப் பழக்கம். அக்கா முகத்தைப் பார்த்ததும் உதடு தானாகத் தறிப் பேச்சுக்குப் போய்விட்டது. குரலை வரவழைக்கப் பார்த்தேன். வரவில்லை.

முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். இறங்கிப் போய்விடலாம் என்று படியைப் பார்த்தேன்.

"ஏனுங்க ஐயா, மைக்கு நல்லாத்தான் இருக்குதுங்க." பெண்கள் பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. என் எதிர்த் தறிக்காரி எழுந்து நின்றாள். "அவ தறிப் பேச்சுப் பேசறா. எங்களுக்கெல்லாம் கேக்குதுங்க." தறிக்காரப் பெண்கள் பத்திருபது பேர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். கம்பெனிக்குப் போகிற சின்ன வயசுப் பெண்களும் ஆண்களும் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள்.

"அப்ப மத்தவங்களுக்கு எப்படிம்மா?" என்றார் ஐயர்.

"கன்வென்ஷன் கூட்டத்துல பிரசங்கம் பண்ற வெள்ளைக்காரருக்குப் பக்கத்துல நின்னு ஒருத்தர் சொல்றதில்லீங்களா? அந்த மாதிரி நான் சொல்றனுங்க. தமிழ்ல இருந்து தமிழுக்கு." சிரிப்பு எழுந்து அடங்கியது. அவள் முன்னால் வந்து, என் முகம் தெரியும்படி படியோரம் நின்றாள். ஐக்கியத்தின் மானம் போகக்கூடாது என்பதுதான் அவள் கவலை. "பேசு அம்மணி" என்று உதட்டால் சொன்னாள்.

நான் உதட்டை அசைத்தேன். அவள் உரக்கச் சொன்னாள்.

"மொதல்ல தோட்டத்து ஊட்ல செத்துப்போன அந்த ரெண்டு பேர நெனைக்கறேன்."

மரத்தடியில் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடினால் அவருக்குக் காதையும் மூடின மாதிரி. நான் நிறுத்திவிட்டேன். என்ன ஆச்சு என்று மொழிபெயர்ப்பாளி புருவத்தைத் தூக்கினாள். நான் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அக்கா கண்ணைத் திறந்தார். தொடர்ந்தேன்.

"அவங்களுக்கு யாரு கையெழுத்துப் போட்டாங்கன்னு ஒரு பெரியவரு கேட்டாரு. நல்ல கேள்வி. அவங்களுக்கு ஆரும் ஒரு நாளு கூடக் குடுக்கல. ஒரு நாளு கெடச்சிருந்தா அவங்க என்ன பண்ணியிருப்பாங்களோ, அது அத்தனையும் போச்சு. கொலைங்கறது அதுதான். மிச்சமிருக்கற நாளப் புடுங்கறது."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

"மோசே ஒரு எகிப்தியனக் கொன்னு மணல்ல பொதச்சாரு. அப்ப அவருக்கு நாப்பது வயசு. அப்பவே அவரப் புடிச்சுத் தண்டிச்சிருந்தா மிச்சம் எம்பது வருஷம் இல்ல. செங்கடலும் இல்ல, பத்துக் கட்டளையும் இல்ல. கொலை செய்யாதேங்கற கட்டளையக் கொண்டாந்து குடுத்ததே கொலை செஞ்ச கைதான். பவுலு, ஒருத்தரக் கல்லெறிஞ்சு கொல்றப்ப எறியறவங்க துணியப் பாத்துக்கிட்டு நின்னவரு. பட்டயத்தப் பத்தி எழுதுனதும் அவருதான். அவரையும் பட்டயத்தாலதான் கொன்னாங்கன்னு சொல்றாங்க. அதுவரைக்கும் அவருக்கு நாளு கெடச்சுது. அதுலதான் வேதத்துல இருக்கற இத்தன நிருபக் கடுதாசியும் எழுதுனாரு."

சபைச் செயலாளர் குனிந்து தன் வேதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது எனக்கு மேலேயிருந்து தெரிந்தது. என் மொழிபெயர்ப்பாளிக்குக் குரல் ஏறிக்கொண்டே போனது. எனக்கும் உதடு தங்கு தடையில்லாமல் ஓடியது. நோட்டில் எழுதியிருந்த புத்தகத் தமிழ் எங்கே போனதோ, வந்ததெல்லாம் குடோன் பேச்சு.

"பக்கத்துச் சிலுவையில தொங்குன கள்ளனுக்கு அந்த நாளு கெடைக்கல. அவனுக்குக் கெடச்சது ஒரு பொழுது. அதையும் கொறைக்கறதுக்குக் காலை முறிச்சாங்க. பொழுது சாயற நேரத்துல, செத்துக்கிட்டு இருக்கறவன், செத்துக்கிட்டு இருக்கற ஒருத்தருகிட்டப் பேசுனான். ரெண்டே வாக்கியம். நாஞ் செஞ்சதுக்குத்தான் அனுபவிக்கறேன், என்னய நெனச்சுக்குங்கன்னு. அதுக்கே பரதீசு கெடச்சுதுன்னா, அவன உசுரோட உட்டிருந்தா என்னவெல்லாம் கெடச்சிருக்கும்? தண்டிக்க வேண்டாம்னு நான் சொல்லலீங்க. உள்ளயே இருக்கட்டும். செஞ்சதச் சொமக்கட்டும். அந்த நாள மட்டும் புடுங்க வேண்டாம். அதப் புடுங்கறது எவ்வளவு பெரிய பாவம்னு நமக்குத் தெரியும். அந்த ரெண்டு பேருகிட்டப் புடுங்குனத நாம பாத்தோம்."

அதற்கு மேல் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அதைச் சொல்ல எனக்குச் சத்தமே வேண்டியதில்லை. ஆனாலும் பயமாக இருந்தது. அக்காவைப் பார்த்துச் சொன்னேன்.

மொழிபெயர்ப்பாளி வாயைத் திறந்தாள். மூடினாள். அவள் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தவள். தறிக்காரப் பெண்கள் எல்லோரும் நான் சொன்னதைப் படித்துவிட்டார்கள், அவளையே பார்த்தார்கள். மற்றவர்கள் இன்னும் கேட்காமல் காத்திருந்தார்கள்.

"என்னம்மா சொல்றாங்க?" என்றார் ஐயர் மெதுவாக.

"நான் பயந்துக்கிட்டு இத்தன நாளாக் கையெழுத்துப் போடாம இருந்துபோட்டேன்" என்றாள் அவள். குரல் உடைந்தது. "இன்னிக்குப் போடறேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இது அவ சொன்னதுங்க." சபையைப் பார்த்துத் திரும்பினாள். "நான் சொல்றதும் அதுதானுங்க."

மூன்று மணிக்கு ஆராதனை முடிந்தது. பெரிய வெள்ளியன்று யாரும் பேசாமல் கலைந்து போவதுதான் எங்கள் வழக்கம். அன்றும் யாரும் பேசவில்லை. ஆனால் யாரும் கலையவும் இல்லை. என் மொழிபெயர்ப்பாளி நேராகப் புங்க மரத்தடிக்குப் போய், "எங்கக்கா அந்தக் காயிதம்?" என்று உதட்டால் கேட்டாள். அக்கா கவரைப் பிரித்து எடுத்துக் கொடுத்தார். பாட்டுப் புத்தகத்தின்மேல் வைத்து முதல் கையெழுத்தை நான் போட்டேன். இரண்டாவது அவள். பிறகு வரிசை நின்றது. அடியில் இடம் தீர்ந்து, பின்பக்கமும் தீர்ந்து, என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துச் சேர்த்தோம். தறிக்காரர்கள், கம்பெனிப் பெண்கள், பெயின்டர்கள், ஒரு நர்ஸ், கடைசியில் ஐயர்.

ஐயர்தான் கடைசி என்று நினைத்தோம். அவருக்குப் பின்னால் சபைச் செயலாளர் நின்றிருந்தார். "நான் ரோமர் பதிமூண உட்டுக்குடுக்கல, பாத்துக்க" என்றார் என்னிடம். "ஆனா மோசேக்கு எம்பது வருஷம்… அதக் கணக்குப் பண்ணிப் பாத்ததே இல்ல." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதம் முழுவதையும் படித்தார். பிறகு, பட்டா பத்திரத்தில் போடுவது போல முழுப் பெயரும், தகப்பனார் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சத்தமாகப் பேசுகிறவர், அன்று மட்டும் சத்தமில்லாமல் சொன்னார்: "நல்லாக் கேட்டுச்சு கண்ணு."

ஈஸ்டர் ஞாயிறு தூண் பக்கத்து இடத்தைக் காலியாக விட்டு எல்லோரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா உள்ளே வந்தார். திருவிருந்துக்கு எனக்கு முன்னால் போய் முழங்காலிட்டார்.

மறுநாள் குடோனில் முதலாளி என் பக்கத்தில் வந்து நின்றார். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவருக்கும் தறிப் பேச்சுத் தெரியும். சின்ன வயதில் அவரும் தறி ஓட்டியவர்தான். "கையெழுத்துப் போட்டீங்களாமா?" என்றார் உதட்டால். "போட்டனுங்க" என்றேன். நான் சுற்றி வைத்திருந்த தார் ஒன்றை எடுத்துப் பார்த்தார். "செத்துப்போன அந்தம்மா எங்களுக்குத் தூரத்துச் சொந்தம்" என்றார். "தெரியுமுங்க" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். "மூணாந்தறியில இழை அறுந்து கெடக்குது, பாக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தனை நாள் நாங்கள் பயந்தது அவ்வளவுதான்.

ஹைகோர்ட் தீர்ப்பு ஆவணி மாதம் வந்தது. எங்கள் கடிதத்தால்தான் என்று நான் சொல்லமாட்டேன். வக்கீல் எத்தனையோ சொல்லியிருப்பார், நீதிபதிகள் எத்தனையோ பார்த்திருப்பார்கள். அன்று காலை அக்கா வேலைக்கு வரவில்லை. பதினோரு மணி இருக்கும். அத்தனை தறியும் ஓடிக்கொண்டிருந்தபோது குடோன் வாசலில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு வந்து நின்றார். உதட்டை அசைத்தார். தூக்கு இல்லை. ஆயுள். உயிரோடு இருப்பான்.

ஒரே சமயத்தில் எல்லோரும் படித்துவிட்டோம். என் எதிர்த் தறிக்காரி தன் தறிகளை நிறுத்தினாள். பக்கத்துத் தறி நின்றது. அதற்கடுத்தது நின்றது. இருபது தறியும் நின்று, கரண்ட் போன நேரத்தில்கூட அந்தக் குடோனுக்குள் நான் கேட்டேயிராத ஒரு அமைதி வந்தது. அதற்குள் எங்கிருந்தோ "தோத்திரம் ஆண்டவரே!" என்று ஒரு குரல் உரக்கக் கேட்டது. கணீரென்ற குரல். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடடே" என்றாள் என் மொழிபெயர்ப்பாளி. "இனி எனக்கு வேலையில்லீங்கோ."

அது என் குரல்தான்.